பூட்டிய வீட்டில் பதில் சொன்ன விளக்கு

இரண்டு வருடத்துக்கு முன்னால், பங்குனி முடிந்து சித்திரை பிறக்கப்போகிற சமயம். அருப்புக்கோட்டையில் நானும் என் கணவரும் ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறோம். அவர் முன்பு விசைத்தறிக் கூடங்களில் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர், இப்போது வீடுகளுக்கு வயரிங் செய்கிறார். போனில் இயங்கும் பல்புகள் வந்த பிறகு எனக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. ஏணியில் ஏறிப் பல்பை மாட்டுவது அவர். அதை வைஃபையோடு சேர்த்து, போனில் ஒவ்வொரு பல்புக்கும் ஒரு பேர் வைத்து, அந்த வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நான்.

இந்தப் பல்பைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். சுவரில் இருக்கிற சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அப்போதுதான் நாம் எங்கே இருந்தாலும் போனிலிருந்து அந்தப் பல்பை அணைக்கலாம், போடலாம், சிவப்பு நீலம் என்று நிறம் மாற்றலாம். யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால் போனில் அந்தப் பல்பு ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். போட்டால் மறுபடி ‘ஆன்லைன்’. இது ஒன்று. புதுப் பல்பை முதன்முதலில் சேர்க்கும்போது, சுவிட்சை வேக வேகமாக நாலைந்து தடவை போட்டு அணைக்க வேண்டும். உடனே அது படபடவென்று மின்ன ஆரம்பிக்கும். ஏற்கனவே சேர்த்த பல்பை அப்படிச் செய்தால் பழைய தொடர்பை அடியோடு மறந்துவிடும். இது இன்னொன்று.

எம்.ரெட்டியபட்டிக்குக் கொஞ்சம் முன்னால், மெயின் ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் மண் பாதையில் உள்ளே போனால் அந்த வீடு. மதுரையில் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் பூர்வீகக் காட்டில் கட்டியது. எங்கள் பக்கத்தில் கடைக்காரர்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை வந்து தங்குவதற்காகக் கட்டிய மாடி வீடு. சுற்றிலும் பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு. அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம். பின்பக்கம் வறண்டு வெடித்த கண்மாய். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது.

வயரிங் நடந்தபோது நானும் சில நாள் போயிருந்தேன். அங்கே கலவை சுமந்த சித்தாள் ஒருத்தி, “உச்சிப்பொழுதுல பின்பக்கம் தனியா நிக்காதீக அக்கா, அங்கன ஒரு கெணத்த மூடியிருக்காக” என்றாள். கிணற்றை மூடினால் என்ன என்று கேட்டேன். “அதுல இருந்தவ எங்க போவா” என்றாள், கலவைச் சட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே. எங்கள் ஊர்ப்பக்கம் நடுச்சாமத்தைவிட உச்சி வெயிலுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். நான் படித்தவள், சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலை முடிந்து ஐந்து மாதம் கழித்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குப் பிரசவம், அவரும் அவர் மனைவியும் இரண்டு மாதம் அங்கே தங்கப் போகிறார்கள். வாசல் விளக்கு மட்டும் தினமும் சாயங்காலம் தானாக எரிந்து காலையில் அணைய வேண்டும், அதை அவர் போனில் செட் பண்ணித் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன். போகும்போது கேட்டார்.

“வேலை நடக்கையில உன் போன்லயும் எங்க வீட்டு லைட்டெல்லாம் இருந்துச்சுல்ல. எடுத்துட்டியாம்மா?”

“அப்பவே எடுத்தாச்சு அண்ணாச்சி” என்றேன்.

எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் எடுக்க நினைத்தேன், மறந்துபோனேன். கேட்ட நிமிஷத்தில் ‘இல்லை’ என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் போனதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு கஸ்டமர் வந்து மோட்டார் ஸ்டார்ட்டர் கேட்டார். அதோடு அது போயிற்று.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும், கடையில் ஆள் இல்லை. போன் டிங் என்றது. ‘மாடி ரூம் ஆஃப்லைன்’ என்று வந்திருந்தது. எந்த வீட்டு மாடி ரூம் என்று யோசிப்பதற்குள் ‘மாடி ரூம் ஆன்லைன்’. பிறகு மறுபடி ஆஃப்லைன். ஒரு ஏழெட்டு தடவை இப்படி வந்து நின்றுவிட்டது. அந்தப் பேர் அண்ணாச்சி வீட்டுக்கு நான் வைத்தது. வேலை நடந்தபோது சோதித்துப் பார்ப்பதற்காக அந்த அறிவிப்பையும் நான்தான் போட்டு வைத்திருந்தேன். காட்டுக்குள் இருக்கிற வீடு, வோல்டேஜ் ஏறி இறங்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். பன்னிரண்டரை மணி. தெருவில் ஒரு நாய்கூட இல்லாத வெயில். சோற்றைப் போட்டு உட்காரும்போது போன் அடிக்க ஆரம்பித்தது. மாடி ரூம் ஆஃப்லைன், மாடி ரூம் ஆன்லைன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கரண்ட் போய் வந்தாலும் சரி, வோல்டேஜ் ஆடினாலும் சரி, வீட்டில் உள்ள பதினான்கு பல்பும் சேர்ந்துதான் போகும். செயலியைத் திறந்து பார்த்தேன். பதின்மூன்று பல்பு அசையாமல் இருந்தது. மாடி ரூம் மட்டும் போய்ப் போய் வந்தது.

பல்பு கெட்டிருக்கும் என்று நினைத்து, போனிலிருந்தே அதை அணைத்தேன். அணைந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆஃப்லைன் காட்டி, ஆன்லைன் காட்டி, திரும்ப எரிய ஆரம்பித்தது. மறுபடி அணைத்தேன். மறுபடி எரிந்தது. நான் அணைக்க அணைக்க யாரோ அங்கே போடுகிற மாதிரி.

பிசைந்த சோறு கையில் அப்படியே இருக்கிறது. எங்கிருந்து வந்ததோ, அந்தச் சித்தாள் சொன்னது காதுக்குள் கேட்டது.

சாப்பிட வந்த கணவரிடம் காட்டினேன். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “திருட்டுப்பயலா இருக்குமோ” என்றார்.

“பட்டப்பகல்ல லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கிற திருடன் எவன்?” என்றேன்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “இது ஏன் இன்னும் உன் போன்ல இருக்கு? எடுத்துட்டேன்னு அவருகிட்ட சொன்னியே” என்றார்.

அதுதான் விஷயம். அண்ணாச்சிக்குப் போன் போட்டு ‘உங்கள் மாடி ரூம் விளக்கு தானாக எரிகிறது’ என்று சொன்னால், ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று முதல் கேள்வி வரும். பூட்டிக் கிடக்கிற வீட்டை ஐந்து மாதமாக நான் போனில் வேவு பார்த்த மாதிரி ஆகிவிடும். ஊரில் ஒரு ஆள் இப்படிச் சொன்னால் போதும், பிறகு யாரும் எங்களை வீட்டுக்குள் விட மாட்டார்கள். எங்கள் பிழைப்பே அடுத்தவர் வீட்டுக்குள் போய்ச் செய்கிற வேலை. கணவர், “சுவிட்சு லூசா இருக்கும். அவுக வந்தப்புறம் நான் போய்ப் பாக்குறேன். நீ அத எடுத்துரு” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

நான் எடுக்கவில்லை. ஏனென்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பயமும் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் தனியாக இருந்தேன். ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியது. சுவிட்சு லூசாக இருந்தால் நான் நிறத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது தன்பாட்டுக்குத்தான் விட்டு விட்டு எரியும். மாடி ரூமைத் தொட்டு சிவப்பை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் வந்துகொண்டிருந்தது, சிவப்பை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டது. ரொம்ப நேரம். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்குப் பட்டது. பிறகு நீலத்தை வைத்தேன்.

ஆஃப்லைன். ஆன்லைன். ஆஃப்லைன். ஆன்லைன். ஆஃப்லைன். ஆன்லைன்.

மூன்று தடவை. பிறகு அமைதி. பதிலுக்குக் காத்திருக்கிற அமைதி.

போனைக் கட்டிலில் வீசிவிட்டேன். முப்பது கிலோமீட்டர் தள்ளி, பூட்டிய வீட்டுக்குள் ஏதோ ஒன்று எனக்குப் பதில் சொல்கிறது. வாசலில் போய் நின்றுகொண்டேன். எதிர்வீட்டில் தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். புழுக்கமாக இருக்கிறது என்றேன். கணவர் வந்ததும் சொல்லவில்லை. சொன்னால், எடுக்கச் சொன்னதை ஏன் எடுக்கவில்லை என்பார். படுக்கப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அந்த வீட்டிலிருந்து எந்த அறிவிப்பும் வராதபடி நிறுத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த ஒரு காரியத்தைத்தான் நான் இன்று வரை மறக்க முடியாமல் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாகச் செயலியைத் திறந்தேன். மாடி ரூம் ஆஃப்லைன். ஐந்து நிமிஷம் பார்த்தேன், பத்து நிமிஷம் பார்த்தேன். வரவில்லை. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். வரவே இல்லை. பதிவுகளைத் திறந்து பார்த்தால், ராத்திரி பூரா விட்டு விட்டுப் போய் வந்திருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குச் சில விநாடிகளுக்குள் நாலைந்து தடவை போய் வந்து, பிறகு ஒரேயடியாகப் போயிருந்தது.

இதை நான் நூறு தடவை என் கையால் செய்திருக்கிறேன். வேக வேகமாகப் போட்டு அணைத்தால் பல்பு எல்லாவற்றையும் மறந்துவிடும். லூசான சுவிட்சு அப்படி அளவெடுத்த மாதிரி செய்யாது. பேய் பிசாசுக்கு சுவிட்சு தேவையில்லை. அது கை. மனுசக் கை.

கணவரை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்பு நீலம் உட்பட. அவர் எழுந்து உட்கார்ந்து, “மொதல்ல அண்ணாச்சிக்குப் போடு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணாச்சி எடுத்தார். “அண்ணாச்சி, உங்க வீட்டு லைட்டு இன்னும் என் போன்ல இருக்கு. எடுத்துட்டேன்னு சொன்னது பொய்” என்று ஆரம்பித்தேன்.

“அத அப்புறம் பேசுவோம்மா. இப்ப நீ என்னத்தப் பாத்த, அதச் சொல்லு.”

சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை, பூட்டித்தான் இருக்கிறது என்றார். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அக்கா வந்து கூட்டித் துடைத்து, சாமி விளக்கு ஏற்றிவிட்டுப் போவார்களாம், சாவி அவரிடம்தான். “இரு, அவுகளுக்குப் போட்டுப் பாக்குறேன்” என்று வைத்தார். ஐந்து நிமிஷத்தில் திரும்ப அழைத்தார். அந்த அக்காவின் போன் அணைந்து கிடந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவருடைய மகனிடம் பேசியிருக்கிறார். அம்மா வெள்ளிக்கிழமை காலையிலேயே, வேலையை முடித்துவிட்டு அப்படியே பஸ்ஸைப் பிடித்து வீரசோழன் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் போனார்களாம். உடனே மகளுக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

“இங்க வரலையே” என்று மகள் சொல்லியிருக்கிறாள். “வாரேன்னுகூட எங்கிட்டச் சொல்லலையே.”

மகன் வீட்டில், அம்மா மகள் வீட்டில் இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். மகளுக்கு அம்மா வருவதே தெரியாது. இரண்டு நாளாக ஒரு மனுசியைக் காணோம், அது இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

கணவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். பைக்கில் திருச்சுழி தாண்டிப் போனோம். காலையிலேயே ரோட்டில் கானல் ஓட ஆரம்பித்திருந்தது.

மண் பாதை முடிகிற இடத்தில் ஷேர் ஆட்டோ நின்றது. அந்த மகன், முப்பது வயது இருக்கும், வாசலில் இருக்கிற இரும்புக் கம்பிக் கதவுக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டிருந்தார். கிட்டே போகவில்லை. எங்களைப் பார்த்ததும் கையை மட்டும் நீட்டினார்.

“எங்கம்மா செருப்பு.”

கம்பிக் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அதற்குப் பின்னால் படியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு, கழற்றி வைத்த மாதிரியே, ஒழுங்காக. இரண்டு நாள் காற்றில் அதன் மேல் கரிசல் புழுதி படிந்திருந்தது. தனியாக வேலை செய்கிற பெண், உள்ளே போனதும் பாதுகாப்புக்காகப் பூட்டிக்கொண்டிருக்கிறார். ரோட்டிலிருந்து யார் பார்த்தாலும் பூட்டிய வீடு.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். மாடி ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு கட்டியிருந்தது. கண்மாயைப் பார்த்த ஜன்னல். அந்தப் பக்கம் கருவேலத்தைத் தவிர அதைப் பார்க்க ஆளே இல்லை. மகன் அண்ணாந்து, “அம்மா” என்று கூப்பிட்டார். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினார். பதில் இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அவர் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

அப்போது ஜன்னலுக்குள் இருந்த வெளிச்சம் அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

போனில் வெறும் எழுத்தாக வந்ததை நேரில் பார்த்தேன். மகன் எழுந்து இரண்டு எட்டுப் பின்னால் போனார். அம்மா செத்துவிட்டார், அங்கே இருப்பது வேறு ஏதோ என்றுதான் அந்த நேரம் அவருக்குத் தோன்றியதாம், பிறகு சொன்னார். எனக்கும் கால் நகரவில்லை. என் கணவர் ஒருவர்தான் பின்கதவுக்கு ஓடினார்.

கதவை நெம்பித் திறக்க இருபது நிமிஷம் ஆனது. மாடிக்கு முதலில் ஏறியது நான்தான். அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. வெளியே இருந்த கைப்பிடியைத் திருப்பினேன். திறந்துகொண்டது. இவ்வளவுதான், இரண்டு நாளாக இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

உள்பக்கக் கைப்பிடி கழன்று தரையில் கிடந்தது. கதவு ஓரமெல்லாம் சுரண்டிய தடம். கட்டிலுக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்த சுவிட்சு போர்டுக்குக் கீழே அந்த அக்கா சாய்ந்து கிடந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். உதடு வெளிறி, உடம்பெல்லாம் வேர்த்து, ஒரு கை மட்டும் சுவிட்சின் மேல் இருந்தது. நாங்கள் உள்ளே வந்ததைப் பார்த்த பிறகும் விரலை அதிலிருந்து எடுக்கவில்லை. மகன் போய்த்தான் அந்தக் கையை மெல்ல எடுத்தார்.

அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரையும் போனும் கீழே ஹாலில் வைத்த துணிப்பையில். அந்த அறையோடு சேர்ந்த குளியலறைக் குழாயில் தண்ணீர் இருந்ததால் உயிர் இருந்தது. இரண்டு நாளாகப் பட்டினி. ஆட்டோவிலேயே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்னும் அரை நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நாலாம் நாள் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விளக்கைப் பார்த்தது நான்தான் என்று மகன் சொல்லியிருந்தார் போல. என் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, நடந்ததை அவரே சொன்னார். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கூட்டியிருக்கிறார். காற்றில் கதவு டமார் என்று சாத்திக்கொண்டது. திறக்கப் போனால் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

“கத்திப் பாத்தேன் தாயி. காத்துல கரைஞ்சுபோச்சு. இருட்டுனதும், தூரத்துல போறவுக யாராச்சும் பாப்பாகன்னு வெளக்க அணைச்சு அணைச்சுப் போட்டேன். மக்யா நாளு, சனிக்கெழம உச்சியில பாத்தா, நான் தொடாமலே வெளக்கு அணையுது. போட்டேன். மறுபடி அதுவா அணையுது. எனக்கு ஈரக்கொலையெல்லாம் நடுங்கிப்போச்சு. அந்தக் கெணத்துக்காரிதான் வந்துட்டா, என்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்துட்டான்னு நெனச்சேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பொழுதடையற நேரத்துல ரூமு பூரா செவசெவன்னு ஆச்சு. கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டே கெடந்தேன். கண்ணத் தொறந்தா நீலமா இருக்கு. அப்பத்தான் தோணுச்சு. பேயின்னா என்னத்துக்குக் கலர மாத்தி மாத்திப் பாக்குது, இது யாரோ மனுசருதான்னு. மூணு வாட்டி அணைச்சுப் போட்டேன். அதுக்கப்புறம் ராவு பூரா அந்த வெளக்க அணைச்சு அணைச்சுப் போட்டு, அதப் பாத்துப் பேசிக்கிட்டே இருந்தேன். நான் இங்கன இருக்கேன், நான் இங்கன இருக்கேன்னு. ஒண்ணும் வரல. விட்டுட்டுப் போயிட்டாகளோன்னு வெடியக்காலம் வேகமா அடிச்சேன். அது கிறுக்குப் புடிச்ச மாதிரி மின்னுச்சு. சரி, அம்புட்டுத்தான்னு படுத்துட்டேன்.”

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, “நீ மட்டும் பாக்கலைன்னா” என்று ஆரம்பித்து அழுதார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். புண்ணியவதி என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

இரண்டு பேரும் ஒரே விளக்கின் இரண்டு பக்கம் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேய் என்று நினைத்துப் பயந்திருக்கிறோம். ஆனால் சாப்பாடும் மாத்திரையும் இல்லாமல், சாவை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர், பயத்தைத் தாண்டி ‘இது மனுசர்தான்’ என்று கண்டுபிடித்துவிட்டார். என் வீட்டில், என் கட்டிலில், பக்கத்தில் துணை இருந்த என்னால் அது முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். பயம் பாதிதான் காரணம். என் பொய் வெளியே வந்துவிடுமே என்பது மீதிப் பாதி.

அண்ணாச்சி திரும்பி வந்ததும் நேரில் போனேன். அவர் கண் முன்னால் என் போனிலிருந்து அந்த வீட்டை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. நன்றி சொன்னார். ஆனால் அதன் பிறகு எந்த வேலைக்கும் எங்களைக் கூப்பிடவில்லை. அதில் தப்பு சொல்ல மாட்டேன். இப்போது எந்த வீட்டில் வேலை முடிந்தாலும், அந்த வீட்டு ஆட்கள் பார்க்க என் போனிலிருந்து அழித்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன். அந்த அக்கா இன்றைக்கும் அங்கேதான் வேலைக்குப் போகிறார். எல்லா அறைக் கதவுக்கும் ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டுகிறாராம். எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால், என் உசுரைக் காப்பாத்தின பிள்ளை என்று கூட்டத்தில் என்னைக் கை காட்டுவார்.

சனிக்கிழமை ராத்திரி நான் அறிவிப்பை நிறுத்தியதை மட்டும் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். புரியாத ஒன்று என்னை நடுங்க வைக்கும்போதெல்லாம், அங்கே யாரோ என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு கூப்பிடுகிறார்களோ என்று இப்போது ஒரு நிமிஷம் நின்று கேட்கிறேன், ஆனால் ஒரு ராத்திரி முழுக்க அவர் பேசியதைக் கேட்காமல் போனதற்கு அது ஈடாகுமா என்று எனக்குத் தெரியவில்லை.